இரண்டு வெள்ளிக்கிழமை

பேரனுக்காக வாங்கிய உலக உருண்டையைப் பெட்டியில் வைப்பதற்கு முன், சிங்கப்பூர் தோ பாயோவில் வசிக்கும் அந்தப் பெரியவருக்கு ஓர் ஆசை வந்தது. பூக்கட்டும் நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் வைத்து இறுக்கிப் பிடித்தார். நூல் ஜப்பான் பக்கமும் போகவில்லை, லண்டன் பக்கமும் போகவில்லை. வட துருவத்தை உரசிக்கொண்டு நின்றது.

"ஸ்வெட்டரைக் கைப்பையிலேயே வச்சுக்கோ" என்றார் மனைவியிடம்.

நூல் சொன்னது சரிதான். இரண்டு ஊர்களும் உருண்டைக்கு ஏறக்குறைய முன்பக்கமும் பின்பக்கமும். நேர்தூரம் சுமார் 15,340 கிலோமீட்டர். பூமியில் யாரும் யாரைவிட்டும் 20,000 கிலோமீட்டருக்கு மேல் விலகிப் போக முடியாது என்பதால், நியூயார்க்கில் இருக்கும் மகள் முக்கால்வாசி தூரம் போயிருக்கிறாள் என்று கணக்குப் போட்டார் பெரியவர்.

ஆனால் விமானம் நூல் பிடித்துப் போவதில்லை. போகும்போது பெரும்பாலும் பசிபிக் பக்கமாகச் சுற்றுகிறது. அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். 'எக்ஸ்பிரஸ்வேல சுத்திப் போனாலும் சீக்கிரம் போயிடலாம்' என்கிற டாக்சிக்காரரின் நியாயம்தான். மீட்டர் மட்டும் ஓடாது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-ல் தொடங்கிய இடைநில்லாச் சேவை இது. நான்கு எஞ்சின் விமானம் குடித்த எண்ணெய்க்குக் கட்டுப்படியாகாமல் 2013-ல் நின்றது. 2018 அக்டோபரில் இரண்டு எஞ்சின் ஏர்பஸ் ஏ350 வந்து மீட்டது. முதல் பயணத்துக்கு ஆன நேரம் 17 மணி 52 நிமிடம். இருக்கைகள் 161, எகானமி வகுப்பே கிடையாது. பெரியவருக்கு வழியில் வலித்த ஒரே இடம் அதுதான்.

வியாழன் இரவு பதினொன்றரைக்கு மேல் கிளம்பினார்கள். ஜன்னலில் விடிந்ததும் அம்மாள் வெள்ளிக்கிழமை விரதத்தை ஆரம்பித்துவிட்டார். பாலும் வாழைப்பழமும் மட்டும். தட்டில் வந்ததையெல்லாம் பெரியவர் வீணாக்காமல் பார்த்துக்கொண்டார். பகல் சீக்கிரமே முடிந்து மறுபடி இருட்டியது. நியூயார்க் விமானம் என்று பெயர் வைத்துக்கொண்டு நியூஜெர்சியின் நெவார்க்கில் இறக்கிவிட்டபோது பொழுது புலரவில்லை.

பெரியவர் மணி பார்த்தார். ஐந்தரை. விமான நிலையக் கடிகாரத்திலும் ஐந்தரை.

"என்னங்க, வாட்ச் நின்னுடுச்சா?"

நிற்கவில்லை. அங்கே மாலை, இங்கே விடிகாலை. வித்தியாசம் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம். பாதி உலகம் தாண்டியும் முள்ளைத் திருப்ப வேண்டிய வேலையில்லை.

வீட்டில் மகள் சுடச்சுட இட்லியும் சட்னியும் வைத்தாள். விரதம் முடிந்த தெம்பில் அம்மாள் கையை நீட்டினார்.

"இன்னைக்குத்தானேம்மா வெள்ளிக்கிழமை?"

நீட்டிய கை திரும்பியது. இடையில் தேதிக்கோட்டைத் தாண்டியதைப் பெரியவர் உருண்டையை வைத்து விளக்கப் பார்த்தார். எடுபடவில்லை. ஆகாயத்தில் இருந்த விரதம் முருகன் கணக்கில் சேருமா என்று அவராலும் உறுதி சொல்ல முடியவில்லை. அந்த இட்லியையும் அவரே சாப்பிட நேர்ந்தது.

திரும்பும்போது இதற்கு ஈடு உண்டு: வியாழன் காலையில் ஏறினால் வெள்ளி மாலையில் சிங்கப்பூர். விரதத்தில் ஒரு பகுதி தள்ளுபடி.

கைக்கடிகாரச் சலுகை வேண்டுவோர் மார்ச் இரண்டாம் ஞாயிறுக்கும் நவம்பர் முதல் ஞாயிறுக்கும் இடையே டிக்கெட் எடுக்கவும். மற்ற மாதங்களில் அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளிவிடுவதால், வித்தியாசம் பதின்மூன்று.