பேராண்டிக்கு ஒரு ஜீப்புப் புராணம்

பேராண்டி, நீ பெரிய ஆளுடா. எதுத்தாப்புல ஒரு சைக்கிள் வந்தாலே ஒதுங்க எடமில்லாத சைதாப்பேட்டைச் சந்துக்குள்ள மலையேறுற ஜீப்பைக் கொண்டாந்து நிறுத்தியிருக்க. தெருவே கூடி நின்னு பாக்குதுன்னு பெருமையாச் சொன்ன. பின்னே, ஒன் வண்டியைத் தாண்டாம எவனும் வீட்டுக்குப் போக முடியாதுல்ல. நின்னுதானே ஆகணும்.

நான் போடிப் பக்கத்து ஆளு. ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டியே கிழவனானவன். மக வீட்டுக்கு வந்தமா, வடகறியைத் தொட்டு ரெண்டு இட்லியைத் தின்னமான்னு கெடக்க வேண்டியவனை உக்கார வச்சு, போன்ல படம் படமாக் காட்டி, "தாத்தா, இதை மாட்டவா, அதை மாட்டவா"ன்னு கேட்டுப்புட்ட. கேட்டவனுக்குச் சொல்லாமப் போனா பாவம். சொல்றேன், கோவிச்சுக்காத. கோவிச்சாலும் சொல்லுவேன்.

வாங்குன சரக்கு நல்ல சரக்குதான், அதுல குத்தம் சொல்ல மாட்டேன். வில்லிஸ் ஜீப்பை 1947-லருந்து உதிரியா எறக்கி இந்த நாட்டுல மாட்டி வித்தவங்க மகிந்திராக்காரங்க. அந்த வம்சத்துல எண்பதுகள்ல வந்தது இந்த எம்.எம். 540. உள்ள இருக்கிறது பிரான்ஸ்காரன் பியூஜோ வழி வந்த 2,112 சிசி டீசல் எஞ்சின். அறுபது குதிரைக்குக் கொஞ்சம் மேல சக்தி. ஓடுறதை விட உறுமுறது சாஸ்தி. ஆனா அதுக்கு கம்ப்யூட்டரும் கிடையாது, சென்சாரும் கிடையாது. ஒருக்கா ஸ்டார்ட் ஆயிட்டா பேட்டரியைக் கழட்டி வச்சாலும் ஓடும். மலைக்காட்டுல அதை விட வேறென்ன வேணும்?

மொதல்ல நீ பஜெரோ வாங்கப் பாத்தேன்னு ஒங்கம்மா சொன்னா. அதுவும் அசலூர் வண்டி இல்லடா, நம்ம திருவள்ளூர்ல இந்துஸ்தான் மோட்டார்ஸ் கூட்டுனதுதான். வேடிக்கை என்னன்னா, இப்ப அதே திருவள்ளூர்ல சிட்ரோன் கார் செய்றாங்க. அதுவும் பியூஜோவும் ஒரே குடும்பம். ஒன் ஜீப்போட சம்பந்தி வீடு அங்கதான் இருக்குன்னு வச்சுக்க. ஆனா பஜெரோவுக்குச் சாமான் தேடி அலையறதுக்கு இது மேல். ஜீப்புச் சாமான் புதுப்பேட்டையில கெடைக்கும், போடியில கெடைக்கும், எந்த ஊரு லேத்துலயும் கடைஞ்சும் குடுத்துருவான்.

சரி, இப்ப ஒன் பட்டியலுக்கு வருவோம். நாலு அங்குலம் ஒசத்தணும். 33 அங்குலத்து டயரு. முன்னாடி எருமையை முட்டுற இரும்பு பம்பரு. அதுல வின்ச்சு. பக்கத்துல மூக்குக் கொழாய். கலரை மாத்தி ராணுவப் பச்சை. போடுடா, எல்லாத்தையும் போடு, யாரு வேணாங்கிறா? ஆனா போடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்குப் போடுவோம். கோர்ட்டுப் பக்கத்து டீக்கடையில ஒரு வக்கீல் குமாஸ்தாகிட்டப் பேச்சுக் குடுத்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவாம். கம்பெனிக்காரன் குடுத்த அடிப்படை அமைப்பை நீயா மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமே அதை அடிச்சுச் சொல்லிருச்சு. அதே வருஷத் திருத்தச் சட்டத்துல, அனுமதியில்லாத மாத்தம் ஒவ்வொன்னுக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரைக்கும் உள்ள, இல்லேன்னா ரெண்டுமே. "ஒவ்வொன்னுக்கும்"கிற எடத்துல குமாஸ்தா கொஞ்சம் அழுத்திச் சொன்னாரு. ஒன் பட்டியலை விரல் விட்டு எண்ணிப் பாத்தேன். வேற கலர்னா ஆர்.டி.ஓ.வுல சொல்லி ஆர்.சி.யில ஏத்திக்கலாம், ராணுவப் பச்சை மட்டும் ராணுவ வண்டிக்குத்தான். மத்ததுக்கு கோர்ட்டு நடக்குற தூரம்தான், ஒரு சவுகரியம்.

முட்டுற பம்பரைப் பத்தி 2017 டிசம்பர்லயே டெல்லிக்காரங்க எல்லா மாநிலத்துக்கும் எழுதிட்டாங்க, கழட்டச் சொல்லி. குறுக்க வர்றவன் மேல பட்டா அந்த இரும்பு வளையாது, அவன் எலும்புதான் வளையும். பஜார் ரோட்டுல ஒன் குறுக்க வர்றது காட்டெருமையா? மீன் கூடை வச்சிருக்கிற ஆயா.

ஒசத்துறதைப் பத்தி ஒரு ரகசியம் சொல்றேன். ஸ்பிரிங் பட்டையை மாத்தி, நீளச் சாக்கிள் போட்டு நாலு அங்குலம் தூக்குனா, தூக்குறது பாடி மட்டும்தான். பாறையில இடிக்கிறது எது? அச்சு நடுவுல குண்டா தொங்குதே, டிஃபரென்ஷியல், அதுதான். அது இருந்த எடத்துலயேதான் இருக்கும். அது ஒசரணும்னா டயரு பெருசாகணும். ஒன் பழைய டயரு சுமாரா 28 அங்குலம், புதுசு 33. அஞ்சு அங்குலம் கூடுனா அச்சு ஒசர்றது அதுல பாதி, ரெண்டரை. அதுக்குப் பதிலா நீ குடுக்கிறது என்னன்னு கேளு. மீட்டர் 50-ன்னு காட்டுறப்ப நீ 59-ல போய்க்கிட்டிருப்ப. பாவம் அந்த அறுபது குதிரை, அதுக்கு ஒவ்வொரு கியரும் கனமாயிரும். பிரேக்கு புடிக்கிறது கொறையும். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டு சாஞ்சு நின்னு கிராஸ் ஜாயிண்ட்டை மென்னு துப்பும். வண்டி தலைகனத்துப் போயி, சரிவுல படுக்கணும்னு அதுக்கே ஆசை வரும். இதையெல்லாம் விட முக்கியமானது, ஒங்க ஆச்சி இனி அதுல ஏற மாட்டா. ஒருவேளை அதுக்குத்தான் ஒசத்துறியோ என்னமோ, எனக்கும் அந்த யோசனை புடிச்சிருக்கு.

அடுத்தது மூக்குக் கொழாய். தண்ணிக்குள்ள போறப்ப எஞ்சின் மேல இருந்து மூச்சு வாங்கும்னு சொன்ன. நெசந்தான். தண்ணி சிலிண்டருக்குள்ள போனா அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைஞ்சு எஞ்சினே போயிரும். மழைக்கு ஜோன்ஸ் ரோடு சுரங்கப்பாதையில நிக்கிற தண்ணியைப் பாத்தா எனக்கே ஒரு கொழாய் வேணும் போல இருக்கு. ஆனா 2015 டிசம்பரை நெனச்சுப் பாரு. செம்பரம்பாக்கத்துலருந்து வினாடிக்கு 29,000 கன அடி தொறந்து விட்டாங்க. மறைமலையடிகள் பாலத்துல போக்குவரத்தை நிறுத்துனாங்க. ஊருக்குள்ள ஆளுகளைத் தூக்குனது மீனவங்க கொண்டாந்த படகு. அப்ப நீ சின்னப் பய, மொட்டை மாடியில நின்ன. ஓடுற தண்ணியில இடுப்பளவு போதும், ஜீப்பு மெதக்க ஆரம்பிச்சிரும். மெதக்குற வண்டிக்கு நாலு சக்கரமும் இழுத்தா என்ன, எட்டுச் சக்கரம் இழுத்தா என்ன? அந்தப் பாலம் இப்ப இருக்கிறது புதுசு. அதே எடத்துல 1726-ல கோஜா பெட்ரஸ் உஸ்கான்னு ஒரு ஆர்மீனிய வியாபாரி சொந்தக் காசைப் போட்டு ஒன்னு கட்டுனாரு, ஜனங்க கால் நனையாம ஆத்தைக் கடக்கட்டும்னு. நீயும் சொந்தக் காசைத்தான் போடுற, நனையிறதுக்கு.

சரி, போயே ஆகணுமா? அப்ப கொழாய்க்கு முன்னாடி கொஞ்சம் ரப்பர் ட்யூப்பு வாங்கு. அச்சு மேல ஒரு சின்ன மூச்சு ஓட்டை இருக்கும், பிரீதர்னு சொல்லுவாங்க. மலையேறிச் சூடான அச்சைத் திடீர்னு குளுந்த தண்ணியில எறக்குனா உள்ள இருக்கிற காத்து சுருங்கும். அந்த ஓட்டை வழியாவும் சீல் வழியாவும் தண்ணியை உறிஞ்சிரும். கியர் ஆயிலு பால் நெறமாயிரும். கெடுதல் அன்னைக்குத் தெரியாது, ரெண்டு மாசம் கழிச்சு பேரிங் ஊளையிடுறப்பத்தான் தெரியும். அந்த ஓட்டையில ட்யூப்பை மாட்டி எஞ்சின் ஒசரத்துக்குக் கொண்டு போயிக் கட்டு. செலவு ஒன் ஒரு வேளைப் பிரியாணிக் காசு. ஆனா வெளியில தெரியாது, போட்டோவுல விழாது. அதனாலதான் ஒன் பட்டியல்ல அது இல்ல.

நேத்து நீ ஆபீஸ் போனதும் ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துக்கிட்டுக் கீழ எறங்குனேன். ஒங்கம்மா திட்டுனா, திட்டட்டும். வண்டி பூராம் ஓட்டிப் பாத்தேன். எடது பக்கக் கதவுக்குக் கீழ காந்தம் ஒட்டவே இல்ல, நழுவி நழுவி விழுது. தகரம் இருந்தாத்தானே ஒட்டும்? அங்க இருக்கிறது முழுக்கப் பட்டி. இந்த ஊரு உப்புக்காத்துல வளந்த வண்டி, அப்படித்தான் இருக்கும். பாடி போனாப் போகுது, டிங்கர் பாத்துக்குவாரு. சேசிஸைச் சின்னச் சுத்தியலால தட்டிப் பாரு. கணீர்னு கேட்டா இரும்பு, சொத்துன்னு கேட்டா துரு. அடுத்து முன்சக்கரத்தை ஜாக்கியில தூக்கி, மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டிப் பாரு. ஆடுதுன்னா கிங் பின் பேரிங்கோ வீல் பேரிங்கோ போயிருச்சு. இந்தக் கோலத்துல பெரிய டயரை மாட்டி அறுபதுல போனா ஸ்டீயரிங் ஒதறும் பாரு, பல்லு கிட்டிக்கும். லாடம் தேஞ்ச மாட்டுக்குக் கொம்புல வர்ணம் பூசுன மாதிரி இருக்குடா ஒன் வைத்தியம்.

எங்க ஊரு வண்டிகளை நீ பாத்திருக்க. விடியறதுக்கு முன்னாடி போடியிலருந்தும் தேவாரத்துலருந்தும் கெளம்பும். பொம்பளையாளுக, தூக்குவாளி, அரிவாள், எல்லாம் ஏத்திக்கிட்டு போடிமெட்டு 17 கொண்டை ஊசியும் ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போயிச் சாயந்தரம் எறங்கும். ஏத்துற ஆளுக்கணக்கு சரின்னு நான் சொல்ல மாட்டேன், அது தப்புத்தான், அதுல உயிரும் போயிருக்கு. ஆனா வண்டியைப் பாரு. சூரியநெல்லியிலருந்து கொழுக்குமலைக்கு ஏறுற ஜீப்புகளைப் பாரு. கிட்டத்தட்ட எட்டாயிரம் அடி ஒசரம். ரோடுன்னு ஒன்னு கிடையாது, கல்லுதான் ரோடு. அதுல வின்ச்சு தொங்குதா? ராணுவப் பச்சை பூசியிருக்கா? ஒன்னும் இருக்காது. ஆனா டிரைவர் சீட்டுக்கடியில கிரீஸ் கன் இருக்கும். ஒடைஞ்ச பட்டைக்கு மாத்து இருக்கும், ரெண்டு யூ போல்ட் இருக்கும். எறக்கத்துல பிரேக்கை மிதிக்காம லோ கியர்ல விட்டு வண்டியையே புடிச்சுக்கச் சொல்லுவான். ஓடையில எறங்கி ஏறுனா, கொஞ்ச தூரம் பிரேக்கை லேசா அமுக்கிக்கிட்டே போவான், டிரம்மு காயட்டும்னு. ஈர டிரம்மு பிடிக்காது ராசா, அது எந்தக் கடையில வாங்குனதா இருந்தாலும்.

லோ கியர்னதும் ஃபோர் வீல் நெனவு வருது. அன்னைக்கு அண்ணா சாலையில காஞ்ச தார் ரோட்டுல ஃபோர் வீலைப் போட்டுக்கிட்டு வளைவு திரும்புன. ஒன் சிநேகிதப் பொண்ணு பக்கத்துல இருந்துச்சு, அதனால வாயைத் தொறக்கல. இந்தப் பழைய வண்டியில முன்னச்சும் பின்னச்சும் ஒன்னாப் பூட்டிக்கும். திரும்புறப்ப முன்சக்கரம் சாஸ்தி தூரம் சுத்தணும், பின்னது விடாது. மண்ணுலன்னா சக்கரம் வழுக்கிச் சமாளிச்சுக்கும். தாருல வழுக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸுல முறுக்கு ஏறிக்கிட்டே போகும். கடைசியில ஏதாவது பல்லு கொட்டும். அந்தப் பொண்ணுக்குச் சத்தம் மட்டும் கேட்கும்.

வின்ச்சு வேணும்ங்கிற. எதுல கட்டி இழுப்ப? மலையில மரம் இருக்கு. இங்கன மாட்டிக்கிட்டா ஈ.பி. பெட்டியிலயா கட்டுவ? அதுக்கு ஒரு தடிக் கயிறும், கூட வர்ற இன்னொரு ஜீப்பும் போதும். தனியா மலைக்குப் போறவனுக்கு வின்ச்சு வேணும்தான், ஆனா தனியாப் போகாதன்னுதான் சொல்லுவேன். கையில ஒரு காத்தடிக்கிற பம்பு வச்சுக்க. மணல்ல மாட்டுனா 30 பவுண்டு காத்தை 16, 18-க்கு எறக்கு, டயரு அகலமாப் பரவி மேல வந்துரும். இதுக்கு அபராதமும் கெடையாது, காசும் கெடையாது. தாருக்கு வந்ததும் மறுபடி அடிச்சுக்க, மறந்தா டயரு கிழியும்.

மணல்னதும் பாலவாக்கம், நீலாங்கரைன்னு கெளம்பிராத. தையிலருந்து பங்குனி வரைக்கும் ஆமை கரையேறி முட்டை போடுற எடம் அது. 1988-லருந்து காலேஜுப் பிள்ளைக ராத்திரி ராத்திரியா நடந்து அந்த முட்டையைப் பத்திரமா எடுத்துட்டுப் போகுதுக. நீ அது மேல 33 அங்குலத்தை ஏத்திப்புட்டு வீடியோ போட்டா, நானே போயிப் போலீஸ்ல சொல்லிருவேன், பேரன்னும் பாக்க மாட்டேன்.

ஆக, பட்டியலைக் கிழி. பிரேக்கு லைனிங், வீல் சிலிண்டரு, கிங் பின், பேரிங், சீல், பட்டை புஷ்ஷு, பிரீதர் ட்யூப்பு. டயரை வேணா ஒரு சைஸ் ஏத்திக்க, நல்ல பல்லு வச்சதா வாங்கு. 15 வருஷம் தாண்டுன வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க முன்ன 600 ரூபா, 2022 ஏப்ரல்ல அதை 5,000 ஆக்குனாங்க, இப்ப எவ்வளவுன்னு கேட்டுக்க. அதுக்கும் தனியா எடுத்து வை. புதுப்பேட்டைக்கு என்னையும் கூட்டிக்கிட்டுப் போ. நீ பேன்ட்டு சட்டையோட போயிக் கேட்டா ஒரு வெலை சொல்லுவான், நான் வேட்டியோட பக்கத்துல நின்னு "இது ஓடாதுப்பா"ன்னு தலையாட்டுனா வேற வெலை சொல்லுவான்.

எல்லாம் முடிஞ்சதும் வண்டியை ஊருக்குக் கொண்டா. வேற யாருகிட்டயும் காட்ட வேணாம், ஏலத்தோட்டத்துப் பொம்பளைகளை ஏத்தி போடிமெட்டு வரைக்கும் ஒரு தடவை போயிட்டு வா, சட்டம் சொல்ற ஆளுக்கணக்குலதான். முப்பது வருஷமா ஜீப்புல போய் வர்றவங்க. மூணாவது வளைவுலயே எந்தப் பட்டை செத்திருக்கு, எந்த புஷ் தேஞ்சிருக்குன்னு சொல்லிப்புடுவாங்க. ஆனா அதுக்குள்ள நீ அந்த ராணுவப் பச்சையைப் பூசிட்டு வந்து நின்னேன்னா எவளும் ஏற மாட்டா. "எலக்சனுக்கு ஓட்டுப் பெட்டி ஏத்த வந்திருக்கியாப்பா?"ன்னுதான் கேப்பாளுக.