கடி இல்லாத பதில்கள்

கேள்வி: மழை விட்ட ராத்திரி டியூப்லைட் அடியில் இறக்கையில்லாத பெரிய கட்டெறும்பு ஒன்று கிடைத்தது. ராணி என்று அடித்துச் சொல்கிறான் எட்டாவது படிக்கும் என் மகன். நம்பலாமா?
- ஒரு தகப்பனார், தென்காசி

பதில்: தலையைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். கட்டெறும்புக் கூட்டத்தில் தலை பெருத்துத் திரிவதெல்லாம் வேலைக்காரிகள்தான். ராணிக்கு நடு உடம்புதான் பெரிசு. பறக்கும் தசை முழுக்க அங்கே இருப்பதால் திமில்போலப் புடைத்திருக்கும். இறக்கை இருந்த இடத்தில் தழும்பும் தெரியும். யாரும் பிய்த்ததில்லை, அம்மணியே உதிர்த்துக்கொண்டது. கல்யாணம் முடிந்துவிட்டது, இனி ஊர்சுற்ற வேண்டியதில்லை.

கேள்வி: ராணியேதான்! டப்பாவில் மண் போட்டு, சர்க்கரை, பிஸ்கட், நெய்ச்சோறு எல்லாம் வைத்தோம். எதையும் தொடவில்லை. நாலைந்து முட்டை இட்டது. மறுநாள் அதையும் காணோம். நான் ராத்திரி டார்ச் அடித்து அடித்துப் பார்க்கிறேன். என்னதான் குறை?
- அதே தகப்பனார்

பதில்: அந்த டார்ச்தான்.

கட்டெறும்பு ராணி நிலத்தடியில் சின்ன அறை தோண்டி, வாசலை அடைத்துக்கொண்டு தனியாகப் பிள்ளை வளர்க்கிற சாதி. முதல் வேலைக்காரிகள் வரும்வரை வெளியே தலைகாட்டாது, சாப்பிடாது. இனித் தேவையில்லாத பறக்கும் தசை கரையும். அதோடு உடம்புக் கொழுப்பும் சேர்ந்து புழுக்களுக்கு ஆகாரமாகும். கழுதை தேய்ந்தால் கட்டெறும்பு ஆகும். கட்டெறும்பு தேய்ந்தால் குடும்பம் ஆகும். முட்டையைக் காணோம் என்றால் ராணியே தின்றிருக்கும். வெளிச்சம், அதிர்ச்சி, பசி என்று ஏதாவது ஒன்று மிரட்டினால் போட்ட முதலை உடனே திரும்ப எடுத்துக்கொள்ளும். கொடூரம் இல்லை, சிக்கனம்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். ஒரு டெஸ்ட் டியூபில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, அது கசியாதபடி பஞ்சை இறுக்கி அடையுங்கள். ராணியை உள்ளே விட்டு, வாய்ப்பக்கம் காற்றுப் போகிற மாதிரி இன்னொரு பஞ்சு. ஈரம் வரும், வெள்ளம் வராது. கறுப்புத் துணியோ காகிதமோ சுற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். மிக்ஸி மேடை, ஃபிரிட்ஜ் தலை, ஸ்பீக்கர் பக்கம் வேண்டாம். காது கேட்காவிட்டாலும் அதிர்வு காலில் தெரியும். வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். ரொம்ப வாடியிருந்தால் பல்குச்சி நுனியில் துளித் தேன். குடித்த பிறகு மிச்சத்தை எடுத்துவிடுங்கள், பூசணம் பிடிக்கும்.

முட்டையிலிருந்து முதல் வேலைக்காரி வர ஒரு மாதத்துக்கு மேலேயே ஆகலாம். குட்டையாக, ஒல்லியாக வருவார்கள். அரைப்பட்டினியில் வளர்ந்தவர்கள், குறை சொல்லாதீர்கள். அப்போது போடுங்கள் விருந்து: தேன் ஒரு சொட்டு, செத்த கரப்பானின் கால் ஒன்று. நெய்ச்சோறு உங்களுக்கு.

கேள்வி: துணைக்கு வெளியே திரியும் கட்டெறும்பு நாலைப் பிடித்து உள்ளே விட்டால் என்ன? பாவம், தனியாக இருக்கிறதே என்கிறார் என் மாமியார்.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மாமியாரின் நல்ல மனசுக்கு வணக்கம். ஆனால் விட்ட மறுநிமிஷம் கொலை விழலாம். வேற்றுக்கூட்டு வாசனை வந்தாலே எறும்புக்கு எதிரிதான். வளர்ந்ததற்குப் பதில் அதே இனத்தின் கூட்டுப்புழு இரண்டு மூன்று கிடைத்தால் கொடுக்கலாம். மழைக்கு முன் எறும்புகள் தூக்கிக்கொண்டு ஓடும் வெள்ளை உருண்டைகளை முட்டை என்கிறோமே, அவற்றில் பெரிதாக இருப்பவை இந்தக் கூட்டுப்புழுக்கள்தான். உள்ளிருந்து வெளிவரும் எறும்பு முதலில் பார்க்கும் ராணியையே தாயென்று ஏற்கும். எடுக்கப் போகும்போது ஜாக்கிரதை: கட்டெறும்பு கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தையும் பீய்ச்சும்.

கேள்வி: இரண்டு ராணிகளை ஒரே டியூபில் போட்டால் வேலை சீக்கிரம் நடக்குமா?
- கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: ஐரோப்பாவின் கருந்தோட்ட எறும்பில் இப்படிக் கூட்டுக்குடித்தனம் உண்டு. இரண்டு ராணியும் சேர்ந்து முட்டையிடும், சேர்ந்து பார்த்துக்கொள்ளும். பிள்ளைகள் தலையெடுத்ததும் சண்டை வரும்; கடைசியில் ஒன்றுதான் உயிரோடு மிஞ்சும். நம் ஊர்க் கட்டெறும்பை வைத்துச் சோதிக்க ஆசைப்படாதீர்கள், பரிட்சைக்குப் படியுங்கள்.

கேள்வி: கல்யாணம் ஆகாத ராணி முட்டை இடுமா?
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: இடலாம். ஆனால் பிறப்பதெல்லாம் ஆண். கருவுறாத முட்டை ஆணாகும், கருவுற்றது பெண்ணாகும். ஆகவே ஆண் எறும்புக்கு அப்பா கிடையாது, ஆனால் அம்மாவைப் பெற்ற தாத்தா உண்டு. வீட்டு வேலை எதுவும் செய்யாது. இறக்கை முளைத்து மாப்பிள்ளை ஆவது ஒன்றே அதன் உத்தியோகம். குடித்தனம் எழும்பாது, சாப்பாட்டுச் செலவுதான்.

கேள்வி: சார், ராணி பிழைத்துவிட்டது! ஆறு குட்டி எறும்பு! எவ்வளவு நாள் வாழும்?
- தென்காசித் தகப்பனார்

பதில்: முன்னே சொன்ன கருந்தோட்ட எறும்பின் ராணி ஒன்று வளர்ப்பில் 28 வருஷத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. ஒரே ஒரு கல்யாணப் பறப்பில் சேமித்த விந்தணுவை வைத்து ஆயுசு முழுக்கப் பெண் முட்டையாக இட்டுத் தள்ளும். உங்கள் கட்டெறும்பு அத்தனை வருஷம் இருக்குமென்று உத்தரவாதம் தரமாட்டேன். ஆனாலும் பையன் வேலைக்கு வெளியூர் போனால் டியூபை யார் பார்த்துக்கொள்வது என்று இப்போதே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். அநேகமாக நீங்கள்தான்.