குறிஞ்சியில் மத்தி: நீலகிரிக் கடல்மீன்பிடிப்பு குறித்த ஓர் ஆய்வுரை

ஆய்வெல்லை

படகு, தூண்டில், வழிகாட்டி, கட்டுச்சோறு ஆகிய நான்கோடு விடியலில் புறப்பட்டு, கரையோரக் கடலிலும் அதற்குச் சற்று அப்பாலும் பகலெல்லாம் மீன்பிடித்துப் பொழுது சாயத் திரும்பும் பயணத்தைப் பற்றிக் கடற்கரை ஊர்க்காரர்கள் நிறையவே பேசியாயிற்று. நீலகிரி மாவட்டத்தில் அதே பயணம் எப்படி நடக்கிறது என்று எழுத மட்டும் யாரும் முன்வரவில்லை. காரணம் கேட்டால், "அங்கேதான் கடலே இல்லையே" என்கிறார்கள். ஓர் ஆய்வுத் தலைப்பைத் தள்ளிவைக்க இது போதுமா என்று முதலில் பார்ப்போம்.

உதகையிலிருந்து மலபார்க் கரை, காக்கை பறக்கும் கணக்கில், ஏறத்தாழ 100 கி.மீ. கடல்மைலில் 54. கரையிலிருந்து 12 கடல்மைல் வரை நாட்டின் ஆட்சிக்கடல். 200 கடல்மைல் வரை தனிப் பொருளாதார மண்டலம். 54 என்ற எண் இவ்விரண்டுக்கும் நடுவே விழுகிறது. ஆகவே உதகமண்டலம் ஆழ்கடலில் இருப்பதாகக் கொள்க. கிழக்கா மேற்கா என்பதில் மட்டும் ஒரு சிறு பிழை நேர்ந்திருக்கிறது. அது அளந்தவன் பிழை இல்லை, மலையை வைத்தவன் பிழை.

இன்னொரு சான்றும் உண்டு. முக்கூர்த்திச் சிகரத்தின் உயரம் 2,554 மீட்டர். அத்தனை உயரத்தில் நிற்பவருக்குத் தொடுவானம் 180 கி.மீ. தள்ளி விழும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. கடலோ அங்கிருந்து 85 கி.மீ. அளவில்தான். எனவே கணிதப்படி முக்கூர்த்தியில் நிற்பவர் கடலோரவாசி. மூடுபனியும் நிலம்பூர்ப் பக்கத்துப் புழுக்கமும் இடையில் திரை போடுவதால் பெரும்பாலானோர்க்கு இவ்வுண்மை புலப்படுவதில்லை. அங்கிருந்தே தூண்டில் வீசலாமே என்று கேட்ட என் மைத்துனருக்கு இரண்டு தடைகளைச் சுட்டினேன். முக்கூர்த்தி தேசியப் பூங்கா, உள்ளே போகவே வனத்துறை அனுமதி வேண்டும். அடுத்து, 85 கி.மீ. தங்கூசி எந்தக் கடையிலும் ஒரே கண்டாகக் கிடைப்பதில்லை.

முன்னோடிகள்

இத்துறையில் முதலில் இறங்கியவர் பிரான்சிஸ் டே. சென்னை ராணுவத்தில் மருத்துவர்; பின்னாளில் 'இந்திய மீன்கள்' என்ற பெருநூலை எழுதியவர். 1860-களில் சீமையிலிருந்து டிரவுட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். மீன் சாகக் காரணம் வெப்பம். நோயாளியைக் காப்பாற்றுவதைவிட நோயற்ற மீனைக் காப்பாற்றுவது கடினம் என்று ஒரு மருத்துவர் உணர்ந்த இடமாக அதைக் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்து வந்தது சட்டம். நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் 1879-இல் இயற்றப்பட்டது. டிரவுட் இங்கே நிலைத்ததோ இருபதாம் நூற்றாண்டில், எச்.சி. வில்சன் என்பவர் இலங்கை உள்ளிட்ட இடங்களிலிருந்து முட்டைகளைத் தருவித்து, 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் கண்ட பிறகு. தொட்டில் வாங்கிவிட்டுப் பெண் பார்க்கப் போவதைப் போல, சட்டம் முன்னாலும் மீன் கால் நூற்றாண்டுக்கு மேல் பின்னாலும் வந்தன.

இங்கே நிலைத்த வானவில் டிரவுட்டை நன்னீர் மீன் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். அரைப் பார்வை. இதன் உறவினர்கள் வடபசிபிக் கரைகளில் ஆற்றிலே பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட மறுபடி ஆறு ஏறுகிறவர்கள். ஸ்டீல்ஹெட் என்று அவற்றுக்குப் பெயர். அப்படியானால் அவலாஞ்சி ஓடையில் நிற்பது, கடலைக் கடந்து வந்தும் கடலைப் பாராத கடல்மீன். முன்னோர் வழக்கப்படி அது கடலுக்குப் புறப்பட்டால் என்ன ஆகும்? குந்தா ஆற்றின் வழியாகப் பவானியில் இறங்க வேண்டும். இடையில் மின்வாரிய அணைகள். பிறகு பில்லூர். பிறகு பவானிசாகர். அங்கே தண்ணீரின் சூட்டிலேயே பாதி வெந்துவிடும். அதையும் தாண்டிக் காவிரியில் கலந்தால், கோடைக் காலமாயின், மிச்சமுள்ள வழியை மணலில் நடந்துதான் பூம்புகார் சேர வேண்டும். இதையெல்லாம் எண்ணிப் பார்த்துத்தான் அவலாஞ்சி டிரவுட் ஊரைவிட்டுக் கிளம்பாமல் இருக்கிறது என்பது என் கருத்து.

ஆனால் இவ்வாய்வின் மூலபுருஷர் வேறொருவர்: சர் பிரெடரிக் நிக்கல்சன். கூட்டுறவு இயக்கத்தாருக்கு அவர் கடன் சங்கத் தந்தை. மீன் துறையினருக்கு, சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறையைத் தோற்றுவித்தவர். மலபார்க் கரையில் மத்தியைக் கொண்டு எண்ணெய், உரம், டப்பா மீன் என்று சோதனை மேல் சோதனை செய்தவர். அவர் குடியிருந்த ஊர் எது? குன்னூர். கடலிலிருந்து இத்தனை தொலைவில், தேயிலைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் ஆண்டுக்கணக்கில் மத்தியை நினைத்திருக்கிறார் என்றால், குன்னூருக்கும் மத்திக்கும் உள்ள உறவை இனி யாரும் மறுக்க முடியாது.

களப்பணி

தரவு திரட்டும் பொருட்டு இவ்வாய்வாளன் குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தின் குமாஸ்தா குவார்ட்டர்ஸில் 19 ஆண்டுகள் தங்கினான். அக்காலத்தில் பெற்ற சம்பளம் ஆய்வு நிதியாகக் கொள்ளப்படும்.

சமவெளியில் மனிதர் பயணம் போகிறார், மீன் இருந்த இடத்தில் இருக்கிறது. நீலகிரியில் மீன் பயணம் வருகிறது, மனிதர் இருந்த இடத்தில் இருக்கிறார். களப்பணியின் முதன்மைக் கண்டுபிடிப்பு இதுவே. வழிகாட்டியோடு கூடிய முழுநாள் பயணம் இங்கே மத்திக்கு உரியது.

கரையை ஒட்டிக் கூட்டமாகத் திரியும் மத்தி, பேப்பூரிலோ பொன்னானியிலோ கரையேறி, பெட்டியில் ஐஸுக்கடியில் படுத்து, இரவு வண்டி பிடிக்கிறது. நிலம்பூர்த் தேக்குமரங்களைக் கடந்து, வழிக்கடவு தாண்டி, நாடுகாணி மலைப்பாதையில் ஏறுகிறது. கூடலூரில் பாதிப் பெட்டிகள் இறங்கிவிடும். அங்கே மத்தியின் தாய்மொழி பேசுவோர் அதிகம். மீதி நடுவட்டம், பைக்காரா வழியாக உதகைக்கும் குன்னூருக்கும். மேலே ஏற ஏறக் குளிர் கூடுவதால் ஐஸுக்கு வேலை குறைகிறது. இதே வழியில் வரச் சுற்றுலாப் பயணிகள் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். மத்தி ஐஸுக்கடியில் கிடப்பதால் எந்த வியூ பாயிண்டையும் பார்ப்பதில்லை என்று குறை சொல்வோர் உண்டு. டிசம்பர் மூடுபனியில் தேனிலவுக்கு வருகிறவர்கள் மட்டும் வேறென்ன பார்த்துவிட்டார்கள்?

2024 மே முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர்ப் பயணிகளின் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். மத்தியைப் பயணியாகக் கொள்வதா, சரக்காகக் கொள்வதா என்பது சட்ட அறிஞர்கள் தீர்க்க வேண்டிய வினா. ஊருக்கு வந்து திரும்பிப் போகாதவரைப் பயணி என்று சொல்லலாமா என்ற உபவினாவும் இதில் உண்டு.

குன்னூரில் மத்தியை ஏற்றுக்கொள்ளும் வழிகாட்டி, ஆம்னி வேன் வைத்திருக்கும் பாய். அவருக்கு எங்கள் மலையின் நீரோட்டங்கள் அத்துப்படி. எந்த லைனில் (தோட்டக் குடியிருப்பு வரிசையில்) சம்பள நாள், எந்த வீட்டில் விருந்தாளி, எந்த வளைவில் காட்டெருமை மேய்ந்துகொண்டு நிற்கும், அது நகர எவ்வளவு நேரமாகும் என்பதெல்லாம் ஆண்டுக்கணக்கான அனுபவத்தால் வந்த ஞானம். தென்மேற்குப் பருவம் கொட்டினால் பயணம் ரத்து, கடலிலும் அப்படித்தானே. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பெய்ததே, அந்த வாரம் எங்கள் லைனில் மத்தியைப் பார்த்தவர் எவருமில்லை. கேரளத்தில் விசைப்படகுகளுக்கு ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் தடையும் அதே மழையோடு வருவதால், அக்காலம் எங்களுக்குக் கருவாட்டுப் பருவம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் அப்போது மாசிச் சம்பல் இடித்து மற்ற வீடுகளைப் பொறாமைப்பட வைப்பார்கள். டிரவுட் முட்டையும் மாசிச் சம்பலும் ஒரே தீவிலிருந்து இந்த மலைக்கு வந்தவை. இரண்டில் மக்கள் நாவில் நிலைத்தது எது என்று சொல்லத் தேவையில்லை.

இனிக் கருவிகள். தூண்டிலுக்குப் பதில் சட்டி. நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால், சட்டியில்லாமல் வாசலுக்கு வந்தவர் முந்தானையில்தான் மீன் வாங்க வேண்டும். இரை, நூறு ரூபாய்த் தாள். துணைக்கருவி, பூனை. ஹாரன் நம் காதில் விழுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே அது எழுந்து முதுகை வளைக்கும். பிடிக்கும் முறை வருமாறு. செவுளைத் தூக்கிச் சிவப்புப் பார்த்தல், வயிற்றை விரலால் அழுத்துதல், பின்பு அம்மீனை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தல். களத்தில் பதிவான ஓர் உரையாடல்:

"பாய், நேத்து மத்தியா?"

"இல்லக்கா, ராத்திரி ஏத்தினது. கண்ணப் பாருங்க, எப்படி முழிக்குது."

"முழிக்காம? நீங்க சொன்ன வெலையக் கேட்டுட்டுல்ல முழிக்குது."

பாய் இருபது ரூபாய் குறைத்தார். மீனோடு போராடுதல் என்று கடல் தூண்டில்காரர்கள் சொல்வது இக்கட்டத்தையே.

இங்கே ஓர் அறிவிப்பு கடமையாகிறது. இக்கட்டுரையில் ஆய்வாளன் என்று என்னைச் சொல்லிக்கொண்டு வருகிறேன். உண்மையில் மத்தியை ஆய்ந்தவர் என் மனைவி. அருவாமனையில் சாம்பல் தொட்டு, செதில் சுரண்டி, தலை கிள்ளி, ஒரு கிலோ மத்தியை அரைமணி நேரத்தில் ஆய்ந்து முடிப்பார். என் ஆய்வுக்கு 19 ஆண்டாயிற்று. இன்னும் குடல் எடுபடவில்லை.

சமையலில் ஒரு நுட்பம் மட்டும். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். குன்னூரில் 94 டிகிரி அளவில், உதகையில் அதற்கும் ஒன்றரை டிகிரி கீழே. அதனால் அரிசியும் பருப்பும் அடம்பிடிக்கும். மத்தியோ எந்த உயரத்திலும் குடம்புளியைக் கண்டதும் இளகிவிடுகிறது. கடல்மட்டத்துப் பிராணி ஒன்று மலைச்சமையலுக்கு இவ்வளவு தோதாக அமைந்திருப்பது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

திணை

புலவர்கள் எழுப்பக்கூடிய தடை இனி. குறிஞ்சி நிலத்தில் நெய்தல் மீன் வரலாமா? வரலாம். ஒரு நிலத்துக் கருப்பொருள் இன்னொரு நிலத்தில் வந்து மயங்குவதைத் தொல்காப்பியர் காலத்திலிருந்தே நம்மவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் விட்டுவைத்தது, ஐந்து திணையின் உரிப்பொருளும் ஒரே காலைக்குள் ஒரே வாசலில் நிகழும் என்பது.

ஹாரன் சத்தத்துக்குக் காது கொடுத்து வாசற்படியில் உட்கார்வது இருத்தல், முல்லை. வண்டி நம் வளைவில் திரும்பாமல் மேல் லைனுக்குப் போய்விட்டால் இரங்கல், நெய்தல். எங்கள் வீட்டில் அதிகம் விளையும் திணை இதுதான் என்பதால் இதைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தலைவி சட்டியோடு நிற்கிறாள். தோழி, அதாவது பக்கத்து வீட்டு அக்கா, "வருவாரு, வருவாரு" என்று ஆற்றுகிறாள். தூரத்தில் ஹாரன் கேட்கிறது. அது பால் வண்டி. மீண்டும் கேட்கிறது, அது தோட்டத்து மேனேஜர். மூன்றாம் முறை கேட்பது நிஜமாகவே மீன்வண்டி, ஆனால் பெட்டியில் மிஞ்சியிருப்பது ஐஸும் இரண்டு வெள்ளரிப் பிஞ்சளவு மத்தியும். பழைய நெய்தல் தலைவிக்காவது எதிரில் கடல் இருந்தது. இவள் தேயிலையைப் பார்த்துக்கொண்டு எப்படி இரங்குவாள்?

பிரிதல், நூறு ரூபாய்த் தாளுக்கும் எனக்கும் நிகழ்வது. புணர்தல், எண்ணெய்ச் சட்டிக்கும் மீனுக்கும். மருதத்தின் ஊடலுக்கு உரியது, குழம்பு வாளியிலிருந்து நடுத்துண்டு யார் தட்டுக்குப் போயிற்று என்ற விசாரணை. மத்தியில் நடுத்துண்டு கிடையாதே என்பார்கள். ஊடலுக்கு அதெல்லாம் தேவையில்லை.

இவ்வாய்வைத் தொடர வேண்டுமானால் தரவு தடையின்றி வர வேண்டும். ஆகவே மீன்வண்டி பாய்க்கு இதன்மூலம் ஒரு விண்ணப்பம்: எங்கள் லைன் வளைவில் ஒரே ஒரு ஹாரன் அடித்தால் குக்கர் விசிலில் கேட்பதில்லை. இரண்டாக அடிக்கவும். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்.