சைட்டில் பார்த்துக்கலாம்

தொண்ணூறுகளில் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தவர்களுக்கு ஒரு மந்திரம் தெரியும்: "சைட்டில் பார்த்துக்கலாம்." ஆர்க்கிடெக்ட் தாளில் கதவு இருக்கும் இடத்தில் இன்ஜினீயர் தாளில் தூண் நிற்கிறதா? சைட்டில் பார்த்துக்கலாம். யார் பார்ப்பது என்று எந்தத் தாளிலும் இருக்காது. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்திலிருந்து போன எங்களில் ஒருவன் கான்கிரீட் உடைக்கும் பிரேக்கரைத் தூக்கிக்கொண்டு சாரத்தில் ஏறுவான்.

ஒருமுறை பீம் கான்கிரீட் இறுகிய பிறகு பிளம்பர் வந்து, கழிவுநீர்க் குழாய் அதன் நட்டநடுவில்தான் போக வேண்டும் என்றார். இரண்டு வரைபடங்களும் சரி, கையெழுத்துகளும் சரி. பீம்தான் தவறு செய்துவிட்டது போல எல்லோரும் அதையே முறைத்தார்கள்.

"அண்ணே, ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து நான்தான் இந்தக் கம்பியக் கட்டினேன்" என்றான் ஒரு பையன்.

"அதான் தம்பி, கம்பி எங்கெங்க இருக்குன்னு உனக்குத்தான் தெரியும். நீயே உடை" என்றார் போர்மன்.

இன்று அந்தச் சண்டை ஏசி அறையிலேயே முடிந்துவிடுகிறது. தூண், குழாய், மின்கம்பி எல்லாவற்றையும் ஒரே முப்பரிமாண மாடலில் கோத்துவிடுகிறார்கள். 'பிம்' என்று பெயர். குழாய் பீமில் இடித்தால் திரையில் சிவப்பாகக் காட்டும். 2015 முதல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களுக்கு இந்த மாடலைக் கொடுத்துத்தான் அங்கே அனுமதி வாங்க வேண்டும் என்றானது.

சென்ட்ரிங் வேலையும் ஆலைக்குள் போய்விட்டது. கான்கிரீட்டை முன்கூட்டியே வார்க்கும் தானியங்கி பிரீகாஸ்ட் ஆலையில் மாடலிலிருந்து வரும் அளவுப்படி ரோபோ கை ஒன்று இரும்பு மேடைமீது காந்தப் பலகைகளை எடுத்து வைக்கிறது. டீ கேட்பதில்லை. ஓவர்டைம் கேட்பதில்லை. எங்கள் தலைக்கு மாதாமாதம் முதலாளி அரசுக்குக் கட்டும் லெவியும் அதற்கு இல்லை. அடுத்த கட்டம், வீட்டையே அறை அறையாக வார்த்துக் கொண்டுவருவது. கிளமென்டி பக்கத்தில் 40 மாடியில் எழுந்த இரட்டைக் கோபுரம் 'தி கிளமென்ட் கெனப்பி', 1,800-க்கும் மேற்பட்ட அறைப் பெட்டிகளை அடுக்கி 2019-இல் முடிந்தது. மலேசியாவின் செனாயில் கான்கிரீட் வார்த்து, சிங்கப்பூரின் துவாஸில் டைல், பெயின்ட், ஜன்னல் வரை முடித்து, அந்தப் பெட்டிகள் தயாரான அறையாகவே சைட்டுக்கு வந்தன.

குறிப்பிட்ட அளவைத் தாண்டிய சரக்கு சாலையில் போனால் எஸ்கார்ட் வண்டி கூடவே போக வேண்டும் என்பது சட்டம். ஆக, லாரியின் பின்தட்டில் வெயிலிலும் மழையிலும் குத்தவைத்து நாங்கள் போன அதே சாலையில், அறை ஒன்று பிளாஸ்டிக் போர்த்திக்கொண்டு மந்திரி போலக் காவலோடு போகிறது.

மாடலுக்கு ஒரு குணம் உண்டு: மன்னிக்கத் தெரியாது. வார்த்து முடித்த பெட்டியில் ஸ்விட்ச்சை ஒரு சாண் தள்ளி வையுங்கள் என்றால் நடக்காது. எல்லா முடிவையும் முதலிலேயே எடுத்தாக வேண்டும். பழைய ஆட்களில் பலருக்கு ரோபோவைவிட இதுதான் பயம்.

திரையில் பெட்டிகள் சொன்ன இடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். சைட்டில் பெட்டி ஒவ்வொன்றும் பல டன் எடையோடு கிரேன் கொக்கியில் தொங்கி வரும், காற்றடித்தால் ஆடும். நாலு பேர் கயிறு பிடித்து, ஒருவன் வாக்கிடாக்கியில் "மெதுவா, மெதுவா... இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று கத்த, விரற்கடை விரற்கடையாக இறங்கும். கீழ்மாடியில் சில மில்லிமீட்டர் பிசகினால் மேலே போகப்போக அது வளரும். ஒவ்வொரு மாடியிலும் சர்வேயர் அளந்தாக வேண்டும். இரண்டு பெட்டி சேரும் இடுக்கில் கிரௌட் கலவை அடைப்பதும், மழைநீர் இறங்காமல் பூசுவதும் ஆள் கைதான். 'சைட்டில் பார்த்துக்கலாம்' முழுசாகச் சாகவில்லை. அந்த இடுக்கில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பிரேக்கரை எங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டதற்காக ரோபோவை யாரும் திட்டப்போவதில்லை, நல்ல காரியம்தான். லெவியிலும் ஓவர்டைமிலும் மிச்சமான காசில் செய்ய ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. அறைக்குக் கொடுக்கும் மரியாதையை, அதை இறக்கி வைக்கும் ஆளுக்கும் கொடுங்கள். லாரித் தட்டு வேண்டாம். சீட்டும் பெல்ட்டும் உள்ள பஸ்ஸில் அனுப்புங்கள்.