எடைக்குப் போட்ட இலக்கியம்

மலையிலிருந்து இறங்கி ஒன்பது நாளாகிறது. கெண்டைக்கால் வலி போய்விட்டது. கூட நடந்த தம்பி மேல் இருக்கும் கோபம் போகவில்லை. டூத் பிரஷின் கைப்பிடியைப் பாதியில் அறுத்து எறிந்துவிட்டு, மிச்சத்தை பீடி மாதிரி இரண்டு விரலில் பிடித்துப் பல் தேய்க்கிற பையன். ஏழு கிராம் மிச்சமாம். போனக்காட்டில் நடை தொடங்குமுன், திறந்து கிடந்த என் பைக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளே ஆட்டுக்குட்டியைக் கண்டவன் போல, "சார், நாவலா? கெட்டி அட்டையா?" என்றான். பிறகு பரிதாபப்பட்டு, "பிடிஎஃப்ல வச்சுக்கலாமே சார்."

மலைக்கு எந்தப் புத்தகத்தைக் கொண்டுபோவது என்ற கேள்விக்கு என்னிடம் முடிவான பதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்குமுன் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பை ஒன்பது கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதே தம்பியின் உத்தரவு. தண்ணீர், போர்வை, மாற்றுத்துணி, மருந்து, டார்ச் எல்லாம் போட்டதும் எட்டரை வந்தது. ஆக, என் முதுகில் தமிழ் இலக்கியத்துக்குக் கிடைத்த ஒதுக்கீடு ஐந்நூறு கிராம். கேக் செய்யப் போகிறோம் என்று வாங்கி, இன்றுவரை மைதாவையே பார்க்காத சமையலறைத் தராசைக் கூடத்தில் வைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தேன்.

முதலில் 'பொன்னியின் செல்வன்', ஐந்து பாகம். இரண்டேமுக்கால் கிலோ. வந்தியத்தேவன் சுமந்தது ஓலை, அதுவும் குதிரையில். எனக்குக் குதிரை இல்லை. முதல் பாகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்தான். முதல் பாகத்தோடு நிறுத்திய தமிழன் எவனாவது இருக்கிறானா? 'வெண்முரசு' பக்கம் கை போனது, அதுவே திரும்பி வந்துவிட்டது. 2014 முதல் 2020 வரை எழுதிய 26 நாவல்கள். அதற்குத் தராசு போதாது, லாரி நிற்கும் எடைமேடை வேண்டும். 'மோகமுள்' எழுநூறு கிராம். பாபுவின் தவிப்பில் ஒரு இருநூறு கிராமைக் குறைத்திருக்கலாமோ என்று வாழ்க்கையில் முதல்முறையாகத் தோன்றியது. தி.ஜானகிராமன் மன்னிக்க வேண்டும். புதுமைப்பித்தன் 42 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார், தொகுப்பு மட்டும் ஒரு கிலோவுக்கு மேல். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' எழுதி முடியுமுன்பே அவர் காலமாகிவிட்டார். அதை மூன்று நாள் நடையில் நான் முடித்துவிடுவேன் என்று நினைப்பதே அகம்பாவம்.

மௌனி இருக்கிறார். ஆயுளில் எழுதியதே சுமார் இரண்டு டஜன் கதைகள். மூட்டை தூக்குகிறவனுக்குக் கண்கண்ட தெய்வம். ஆனால் கையில் கனக்காத மௌனி, தலையில் ஏறினால் இறக்கிவைக்க முடியாது. பாக்கெட் திருக்குறள் எழுபது கிராம்தான், 1330 குறளும் சட்டைப்பைக்குள் அடங்கும். எடுத்தும் வைத்தேன். ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்திருப்பவன் பிரித்தால் ஊக்கமுடைமை, மறுபடி பிரித்தால் மடியின்மை என்று வருவதை நினைத்துப் பார்த்தேன். அறிவுரை சொல்ல அந்தத் தம்பி ஒருவன் போதும் என்று திருப்பி வைத்துவிட்டேன். அசோகமித்திரனின் 'தண்ணீர்' நூற்றெண்பது கிராம். தண்ணீர் ஏற்கெனவே இரண்டு லிட்டர் இருந்தது.

ராத்திரி பதினோரு மணிக்குக் கூடம் முழுக்கப் புத்தகமும் நடுவில் தராசும் நானுமாக இருந்ததைப் பார்த்து என் மனைவி, "எடைக்குப் போடப் போறியளா? பேப்பர்காரர் நாளைக்கில்லா வருவாரு" என்றாள்.

இதில் பதிப்பாளர்களைச் சும்மா விட முடியாது. முன்பு பஸ் ஸ்டாண்டுக் கடையில் சாணிப் பேப்பரில் மாத நாவல் தொங்கும். சுருட்டிப் பின்பாக்கெட்டில் செருகலாம், படித்து முடித்ததும் சீட்டுக்கு இடம் போடலாம். இன்றைக்கு நூறு பக்கக் குறுநாவலுக்கும் கதவுப் பலகை மாதிரி அட்டை. எழுத்து கடுகு சைஸ், நாலு பக்கமும் தரிசு நிலம். அந்தத் தரிசையும் நான்தானே சுமக்க வேண்டும்?

மேலும் நான் போனது எந்த மலைக்கு? பொதிகைக்கு. பாளையங்கோட்டைக்காரனுக்கு அது தினம் மொட்டைமாடியிலிருந்து பார்க்கிற மலை. ஏறுவதற்குத்தான் கேரளம் வழியாகச் சுற்றிப் போகவேண்டியிருக்கிறது. 1,868 மீட்டர். சிவன் கல்யாணத்துக்கு எல்லாரும் கயிலையில் கூடி பூமி வடக்கே சாய்ந்ததாம். அதைச் சமன் செய்ய அனுப்பப்பட்ட அகத்தியர் வந்து உட்கார்ந்த இடம் இது. அதாவது, ஒரு மனிதர் எடைக்காகவே வந்து உட்கார்ந்த மலைக்கு நான் எடை குறைத்துக்கொண்டு போகவேண்டுமாம். அவர் எழுதிய 'அகத்திய'மும் முழுதாகக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்திலும் கூடவந்த எவனோ "எதுக்கு சாமி வெயிட்டு" என்று சொல்லியிருப்பான்.

கிழித்துக்கொண்டு போகலாம் என்பது தம்பியின் அடுத்த யோசனை. ஒரு நாளைக்கு நாற்பது பக்கமாம். என் ஆச்சி 1950-லிருந்து நாலு வருஷம் 'கல்கி' இதழிலிருந்து வாரா வாரம் மணியம் வரைந்த படத்தோடு 'பொன்னியின் செல்வன்' பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டிங் கடையில் கொடுத்து, காலிகோ முதுகு போட்டு வால்யூம் ஆக்கி வைத்தவள். கிழிப்பது எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. ஆனால் நாங்கள் சேர்ப்பதற்காகக் கிழித்தவர்கள்.

கடைசியில் போனது ஒரு நாவல். அறுநூற்று நாற்பது கிராம். மாற்றுத்துணியில் ஒரு உருப்படியை எடுத்துவிட்டு இடம் பண்ணினேன். அதன் விளைவை இங்கே எழுத வேண்டாம். நாவலின் பெயரும் வேண்டாம், ஆசிரியரிடம் என் போன் நம்பர் இருக்கிறது.

காட்டுக்குள் பிளாஸ்டிக் கூடாது. புத்தகத்துக்கு மழைக்கோட்டாக நான் சுற்றியிருந்த பாலிதீன் பை செக்போஸ்ட்டிலேயே தங்கிவிட்டது. நியாயம்தான். அன்று மத்தியானமே தூறல். அதிருமலை முகாமில் பையை இறக்கி, நனைந்திருக்கிறதா என்று பார்க்கப் புத்தகத்தை எடுத்தேன். அட்டைமேல் ஒரு அட்டை. ஒரு முனையை ஊன்றி மறுமுனையை ஆட்டி, இதில் எங்கே ரத்தம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தது. நானூறு பக்கம், சொட்டு கிடைக்காது என்று எந்த விமர்சகரும் அதற்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

ராத்திரி கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தோம். டார்ச் வெளிச்சத்தில் முதல் பக்கத்தை மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் கதாநாயகன் ரயிலைவிட்டு இறங்கினான். பிறகு அதையே தலைக்கு வைத்துத் தூங்கினேன். நடுராத்திரியில் அது எப்படியோ நழுவிக் காலடிக்குப் போய், என் பாதம் பட்டது. ஐம்பது பேர் குறட்டை விடும் கொட்டகையில், கடும் இருட்டில், எழுந்து உட்கார்ந்து, தடவிக் கண்டுபிடித்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிடிஎஃப் மேல் கால் பட்டால் எதைத் தொட்டு ஒற்றிக்கொள்வது? தம்பியிடம் காலையில் கேட்டேன். அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. அல்லது பிரஷை விழுங்கிவிடுவோம் என்ற பயமாக இருக்கலாம்.

மூன்று நாளில் நான் முழுமூச்சாகப் படித்தது ஒன்று உண்டு. பிளாஸ்டிக் கூடாதென்று மனைவி முறுக்கைப் பழைய வாரப்பத்திரிகைத் தாளில் பொட்டலம் கட்டியிருந்தாள். உச்சிக்குப் போய்விட்டு இறங்கும்போது ஒரு பாறையில் உட்கார்ந்து பிரித்தேன். தொடர்கதை, ஏதோ பதினேழாம் அத்தியாயம். மாமியார் அடகு வைத்த வளையலை மீட்க மருமகள் கடைக்குப் போகிறாள். கடைக்காரர் லெட்ஜரைப் புரட்டிவிட்டு, "இதைப் போன மாசமே ஒருத்தர் வந்து மீட்டுட்டாரேம்மா" என்கிறார். அவள் "யாரு?" என்கிறாள். அந்த இடத்தில் எண்ணெய். தாளை வெயிலுக்குக் காட்டினேன், தலைகீழாகப் பார்த்தேன், பின்பக்கம் வழியாகப் பார்த்தேன். பின்பக்கம் மூட்டுவலித் தைல விளம்பரம்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் அந்தப் பத்திரிகையின் மீதித் தாள்களைக் கேட்டேன். பேப்பர்காரர் வந்துவிட்டுப் போய்விட்டாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் கடைப்பக்கம் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.