கூழும் துலாக்கோலும்: படவேட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

வீட்டிலேயே எதையாவது புளிக்கவைத்துக் குடிப்பது மனித குலத்தின் பழைய பழக்கம். மேல்நாடுகளில் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் பார்லிக்கு ஒரு தராசும் ஹாப்ஸ் பூவுக்கு இன்னொரு தராசும் வாங்கி வைக்கிறார்கள். முன்னது கிலோக்களைத் தாங்கும். பின்னது கிராமில் நூறில் ஒரு பங்கைக் காட்டும். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் நம் அடுக்களையை அந்த வழியில் போகவிடாது. ஆகவே சட்டம் கண்டுகொள்ளாத புளிப்பான கூழை இவ்வாய்வு எடுத்துக்கொள்கிறது. களம், ஜவ்வாது மலையடிவாரத்துப் படவேடு. ஒருகாலத்தில் சம்புவராயர் தலைநகர். ரேணுகாம்பாள் கோயிலில் ஆடி வெள்ளிக் கூட்டத்தைப் பார்த்தவர் யாரும் கூழை அற்பப் பொருள் என்று சொல்லத் துணியமாட்டார்.

கேழ்வரகு மாவைத் தண்ணீரில் கரைத்து இரவு முழுக்க மூடிவைத்தால் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துவிடும். மறுநாள் நொய் வெந்துகொண்டிருக்கும் உலையில் அதை ஊற்றி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டி இறக்குவார்கள். ஆறியபின் மோர், உப்பு, சின்ன வெங்காயம். இதில் தராசு எந்த இடத்தில் நுழைய வேண்டும் என்பதே ஆய்வு வினா.

நுழையவே வேண்டாம் என்பது படிக் கட்சியின் வாதம். எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால் என்று கணக்குச் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊருக்கு ஊர் படி மாறும். இந்தத் தொல்லை தெரிந்துதானோ என்னவோ, தஞ்சைப் பெரிய கோயிலில் ‘ஆடவல்லான்’ என்று பெயர் சூட்டிய மரக்காலையே வைத்து அளந்தார்கள். மாவிலோ இன்னொரு சிக்கல். மில்லிலிருந்து சூடாக வந்த மாவு பொங்கி நிற்கும். டின்னில் அழுத்தி வைத்த மாவு இறுகிக் கிடக்கும். படி ஒன்றுதான், மாவு ஒன்றல்ல. போதாததற்குத் தலைதட்டி அளப்பவர் மருமகள், கோபுரமாய்க் குவித்து அளப்பவர் மாமியார். தானியத்துக்குப் படி, மாவுக்குத் தராசு என்பதே இவ்வாய்வின் துணிபு.

எந்தத் தராசு? மின்னணுத் தராசின் வயிற்றில் ஓர் உலோகத் துண்டு இருக்கிறது. பாரம் ஏறினால் அது இம்மியளவு வளையும். அதன்மேல் ஒட்டிய கம்பியிழையின் மின்தடை மாறும். அந்த மாற்றத்தையே திரை எடையாகக் காட்டுகிறது. அதாவது அது அளப்பது பூமி இழுக்கும் விசையை. அடிவாரத்தில் சரிபார்த்த தராசை ஆயிரம் மீட்டர் மேலே தூக்கிக்கொண்டு போனால் ஒரு கிலோ மாவில் ஏறக்குறைய கால் கிராம் காணாமல் போகும். தட்டுத் தராசில் இந்த மாயம் நடக்காது. படிக்கல்லையும் மாவையும் பூமி ஒரே மாதிரி இழுக்கிறது. மலைமேல் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி வைத்து நட்சத்திர ஒளியை அளக்கிறவர்களுக்கு இத்தகைய நுணுக்கம் முக்கியமாகலாம். துடுப்பில் ஒட்டிக்கொண்டு போகும் கூழே இதைவிட அதிகம் என்பதால் நாம் மேலே செல்வோம்.

அதிகம் பேசப்படாத குறை, பாத்திரம். ஐந்து கிலோ தாங்கும் சமையலறைத் தராசில் பித்தளை அண்டாவை வைத்தால், மாவு விழுமுன்பே திரை பிழை காட்டி ஓய்ந்துவிடும். பாத்திர எடையைக் கழிக்கும் பொத்தான் இருக்கிறதே என்று வாங்குபவர் மகிழ்வதெல்லாம் சின்னக் கிண்ணத்தோடு சரி. நூறில் ஒரு பங்கு காட்டும் குட்டித் தராசு இன்னும் மோசம். மின்விசிறி ஓடினால் எண்கள் நிலைகொள்ளாமல் தவிக்கும். அதை நகைக்கடைக்கே விட்டுவிடலாம். ஐந்து கிலோ தாங்கி ஒரு கிராம் துல்லியம் காட்டுவது குடும்பக் கூழுக்குத் தாராளம்.

உப்பு மட்டும் அடங்கவில்லை. முன்கூட்டிப் போட்டால் புளிப்பு மந்தப்படும், கூடினால் கூழே பாழ். நியாயமாக எதை நிறுக்க வேண்டுமோ அதை எவரும் நிறுப்பதில்லை. “எத்தனை கிராம்மா?” என்று கேட்டுப் பாருங்கள், “போடுற அளவு போடு” என்றுதான் பதில் வரும்.

கோயிலுக்கு வார்க்கும் கூழில் மொத்த ஆய்வும் கவிழ்கிறது. ஒரு வீட்டிலிருந்து முறத்தில் மாவு வரும், இன்னொரு வீட்டிலிருந்து சொம்பில், மூன்றாம் வீட்டிலிருந்து முந்தானையில். எல்லாம் ஒரே அண்டாவில் விழும்; தண்ணீரின் அளவை அண்டாவின் வாய் முடிவுசெய்யும். மொத்த எடையை அறிந்தே தீர வேண்டும் என்று விரும்பும் இளம் ஆய்வாளர்கள், அதை இறக்கிவைக்க ஒரு கை பிடிக்கலாம்.