மணியடிக்கும் உத்தியோகம்

மத்தியதூர ஓட்டத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. ஓடியதில்லை, அது வேறு கதை. படிக்கிற காலத்தில் 800 மீற்றருக்குப் பெயர் கொடுத்துவிட்டு, போட்டியன்று கூடாரத்துக்குப் பின்னால் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தவன் நான். ஆசிரியனான பிறகு, மனம் நோகக்கூடாதென்றோ என்னவோ, இல்ல மெய்வல்லுநர் போட்டியில் மணியைக் கையில் தந்தார்கள். கடைசிச் சுற்றுக்கு அடிக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவ்வளவுதான் என்பதை நம்பாதீர்கள். சர்வதேச ஓடுபாதையில் ஒரு சுற்று 400 மீற்றர்; 1500 மீற்றருக்கு மூன்றேமுக்கால் சுற்று போதும். எங்கள் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டால் 200 மீற்றருக்குமேல் இடமில்லை. ஆக, ஏழரை. எனக்கு ஏழரை எப்போதும் ஆகாது. பெண்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது இல்ல அலங்கார முடிவை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எங்கள் இல்லம் இரண்டாமிடம். அந்த அநியாயத்தை யோசித்துக்கொண்டே ஒரு சுற்று முந்தி மணியடித்துவிட்டேன். முன்னுக்கு வந்த பிள்ளை உள்ள பலத்தையெல்லாம் கொட்டி ஓடிவந்து கோட்டில் குனிந்து நின்றாள். “ஓடு, ஓடு, இன்னும் இருக்கு” என்று சத்தம் போட்டார்கள். “சேர், நீங்கள் மணி அடிச்சனீங்கள்தானே?” என்று கேட்டாள், கேட்டுவிட்டு ஓடினாள். அவள் மூன்றாமிடம். நான் தேநீர்க் கூடாரம்.

இந்தத் தகுதியோடுதான் 2023 முழுக்க வலல ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரி மாணவி தருஷி கருணாரத்னவுக்கு வீட்டிலிருந்து பயிற்சி கொடுத்தேன். ஜூனில் தென்கொரியாவின் யெச்சோனில் 20 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியப் போட்டியில் 800 மீற்றர் தங்கம். அடுத்த மாதம் பாங்கொக்கில் பெரியவர்களோடு ஓடி 2 நிமிடம் 0.66 செக்கன், அங்கேயும் தங்கம். நூறு மீற்றரைப் பதினைந்து செக்கனில் ஓடி, மூச்சு விடாமல் எட்டுத்தரம் அதையே செய்வதாகக் கணக்குப் பாருங்கள். நான் அந்த வேகத்தில் ஒருதரம் பஸ்ஸுக்கு ஓடினால் கொண்டக்டர்தான் தண்ணீர் தரவேண்டும்.

ஒக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழா. ஓட்டம் முடியுமுன்னமே, “பிள்ளை களைச்சுப்போச்சு, இண்டைக்குச் சரிவராது” என்று தீர்ப்புச் சொன்னேன். “இஞ்சேருங்கோ, வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ” என்றாள் மனைவி. 2:03.20இல் தருஷி முதலாவது. இந்தியாவின் ஹர்மிலன் பெயின்ஸ் 2:03.75இல் இரண்டாவது. பாங்கொக்கைவிட இரண்டரைச் செக்கன் மெதுவாக ஓடித்தான் தங்கம் எடுத்தாள். இறுதிப்போட்டியில் பெரும்பாலும் மணிக்கூட்டை யாரும் துரத்துவதில்லை. கடைசி நேரத்துக்குக் காலில் யார் மிச்சம் வைத்திருக்கிறார் என்பதே கதை. மிச்சம் வைத்ததை நான் களைப்பென்று படித்திருக்கிறேன். 2002இல் பூசானில் சுசந்திகாவும் தமயந்தி தர்ஷாவும் வென்றபிறகு, ஆசிய விளையாட்டு விழாவின் மெய்வல்லுநர் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது.

இன்னுமொன்று இருக்கிறது, சொல்ல வெட்கமாயிருக்கிறது. ஒருமுறை ஆயத்தக் கூட்டத்தில் நேரம் போதாதென்று பேச்சு வந்தது. “பொம்பிளைப் பிள்ளையளுக்கு 1500 என்னத்துக்கு? அதை வெட்டினால் பெற்றாரின் சங்கீதக் கதிரைக்கு நேரம் வரும்” என்று முன்மொழிந்தவன் நான்தான். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடி முடித்துக் களைத்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெருப்பிக்க, 1960 ரோம் வரை அந்தத் தூரத்தையே பெண்களுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். அந்தப் பெரியமனிதர்களை நான் வகுப்பில் திட்டியதும் உண்டு. நல்லகாலம், என் முன்மொழிவை வழிமொழிய ஆளில்லை.

சர்வதேசப் போட்டிகளில் மணியோடு, மிச்சச் சுற்றைக் காட்டும் இலக்கப் பலகையும் கோட்டருகே நிற்கும். எங்களிடம் மணியும் நானும்தான். பழைய மாணவர்களே, அடுத்த மாசிப் போட்டியில் இல்ல அலங்காரத்துக்குக் கொட்டும் காசில் கொஞ்சத்தை அந்தப் பலகைக்குத் தாருங்கள். தச்சரை நான் பிடித்துத் தருகிறேன். இலக்கம் மாற்றுகிற வேலையை மட்டும் கணித ஆசிரியை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.